இரண்டு பென்ஸ் மேசை

முதல் நாள் ராத்திரி நான் தோற்றது 1 பவுண்டு 20 பென்ஸ். அப்போது இங்கே இங்கிலாந்தில், சூப்பர் மார்க்கெட்டில் நாலு பைண்ட் பால் கேன் கிட்டத்தட்ட அந்த விலைதான். அந்தப் பால் காசுக்காக இரண்டு மணி வரை தூக்கம் வராமல் புரண்டேன் என்றால் சிரிப்பீர்கள். எனக்கும் இப்போது சிரிப்புதான் வருகிறது.

நடந்தது இது. கம்ப்யூட்டர் திரையில் ஆறு பேர் உட்காரும் மேசை. டெக்சஸ் ஹோல்டம் என்கிற போக்கர் வகை. ஒவ்வொரு கைக்கும், அதாவது ஒவ்வொரு சுற்று ஆட்டத்துக்கும், இரண்டு பேர் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகப் பணம் வைத்தாக வேண்டும். ஒருவர் 1 பென்ஸ், அடுத்தவர் 2 பென்ஸ். கண்ணை மூடிக்கொண்டு வைக்கிற பணம் என்பதால் ப்ளைண்ட் என்று பெயர். அப்புறம் ஆளுக்கு இரண்டு சீட்டு. எனக்கு வந்தவை ஸ்பேட் ஆஸும் கிளாவர் ஒன்பதும். ஆஸைக் கண்டதும் கை பரபரத்தது. 2 பென்ஸ் கட்டி உள்ளே வந்தேன். எனக்கு அடுத்த ஆள் 8 பென்ஸாக ஏற்றினார். மற்ற நாலு பேரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டார்கள். அப்போதே எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கையில்தான் ஆஸ் இருக்கிறதே! இன்னும் 6 பென்ஸ் போட்டேன்.

நடுவில் மூன்று பொதுச் சீட்டுகள் விரிந்தன. இதை ஃப்ளாப் என்பார்கள். ஆட்டின் ஆஸ், டைமண்ட் ஏழு, கிளாவர் நாலு. எனக்கு ஆஸ் ஜோடி சேர்ந்துவிட்டது. அவர் 12 பென்ஸ் வைத்தார்; நானும் வைத்தேன். நாலாவது சீட்டு ஸ்பேட் இரண்டு. 30 பென்ஸ் வைத்தார், நானும். கடைசிச் சீட்டு டைமண்ட் ஜாக்கி. 70 பென்ஸ் வைத்தார். ஆஸ் ஜோடியை வைத்துக்கொண்டு எவனாவது விடுவானா? நானும் வைத்தேன். திருப்பினால் அவரிடமும் ஒரு ஆஸ். கூடவே ராஜா.

இரண்டு பேருக்கும் ஜோடி ஒன்றுதான். அப்படிச் சமமாக நின்றால் மிச்சச் சீட்டுகளில் யாருடையது பெரிது என்று பார்ப்பார்கள். அவருக்கு ராஜா. எனக்கு மேசையில் பொதுவாகக் கிடந்த ஜாக்கிதான். அவ்வளவுதான், முடிந்தது. இந்தத் துணைச் சீட்டுக்கு கிக்கர் என்று பெயர் என்பதை மறுநாள்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். உதைக்கு ஏற்ற பெயர்.

2020 மே மாதம் அது. நான் லண்டனுக்கு மேற்கே ரெடிங்கில், மூன்று பேர் பகிர்ந்துகொண்ட ஒரு வீட்டின் மாடி அறையில் இருந்தேன். மார்ச் 23 முதல் இங்கே ஊரடங்கு. இந்தியாவுக்கு விமானமும் அதே சமயத்தில் நின்றுபோனது. ராஜபாளையத்தில் சித்தப்பா மகள் கல்யாணம். ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது என்று உத்தரவு. மண்டபத்தை ரத்து செய்துவிட்டு வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டு முடித்துவிட்டார்கள். கைப்பேசியில் பார்த்தேன். சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. உண்மையைச் சொன்னால் அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று இருந்தது. முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி மண்டபத்து மாடியில் ஜமக்காளத்தை விரித்து விடிய விடிய ஓடும் ரம்மி. எங்கள் குடும்பத்தில் கல்யாணமானாலும் சீட்டு, துக்க வீடானாலும் சீட்டு. 'ஒரு கை குறையுது, வாடா' என்று யாராவது கூப்பிட மாட்டார்களா என்றிருந்தது.

ரெடிங்கில் யார் கூப்பிடப் போகிறார்கள்? ரம்மி ஆட ஆள் கிடைக்கவில்லை. இந்த ஊரில் சீட்டு என்றால் போக்கர்தான். ஒரு போக்கர் இணையதளத்தில் கணக்குத் திறக்கவே வயது, முகவரி எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகுதான் விட்டார்கள். கிரெடிட் கார்டு எடுபடவில்லை. கிரெடிட் கார்டில் சூதாடக்கூடாது என்று பிரிட்டனில் 2020 ஏப்ரல் 14 அன்றுதான் தடை வந்திருந்தது; நான் போய் நின்றது அதற்கு அடுத்த மாதம். கடன் வாங்கி ஆடும் வழியை எனக்கு முன்னாலேயே யாரோ அடைத்து வைத்திருந்தார்கள். டெபிட் கார்டில் 20 பவுண்டு போட்டேன். மாதத்துக்கு இவ்வளவுக்கு மேல் போட முடியாது என்று நாமே ஒரு வரம்பு வைத்துக்கொள்ள வசதி உண்டு. அதையும் 20 என்று வைத்தேன். அந்த ஒரு பொத்தானை அழுத்தியதுதான் அந்த வருடம் முழுக்க நான் செய்த புத்திசாலித்தனமான காரியம்.

பொய்ப் பணத்தில் ஆடிப் பழகலாமே என்று கேட்கலாம். முதலில் அதைத்தான் செய்தேன், ஒரு வாரம். ஆயிரக்கணக்கில் பொய்ச் சிப்ஸ், அதாவது பணத்துக்குப் பதிலான வில்லைகள், தருவார்கள். தீர்ந்தால் மறுபடி தருவார்கள். அங்கே ஒருவரும் சீட்டை விடுவதில்லை. இரண்டும் ஏழும் வைத்துக்கொண்டு மொத்தத்தையும் நடுவில் தள்ளுகிறார்கள். ஏன் விட வேண்டும்? போனால் என்ன போகிறது? அதில் ஒரு வாரம் ஆடினால் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: பொத்தான் எங்கே இருக்கிறது என்பது.

பணம் வைத்து ஆடுவதில் ஆகச் சிறியது இந்த 1 பென்ஸ், 2 பென்ஸ் மேசை. பெரிய ப்ளைண்டைப் போல நூறு மடங்கு எடுத்துக்கொண்டு உட்காருவது வழக்கம். அதாவது 2 பவுண்டு. 20 பவுண்டு இருந்தால் பத்து முறை முழுசாகத் தோற்கலாம். கையில் குறைந்தது இருபது, முப்பது முறை தோற்கும் அளவு இருக்க வேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வார்கள். என்னிடம் இருந்தது அதில் பாதி. தளத்துக்கும் கூலி உண்டு, ரேக் என்பார்கள். என் மேசையில் 100-க்கு 5. மண்டபத்தில் சீட்டுக்கட்டுக்கும் டீக்கும் என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் கொஞ்சம் எடுத்து வைப்பார்களே, அந்த மாதிரி. முதல் கையில் நடுவில் சேர்ந்தது 2 பவுண்டு 43 பென்ஸ். அதில் 12 பென்ஸ் தளத்துக்குப் போனது. என்னை உதைத்தவருக்கும் முழுசாகக் கிடைக்கவில்லை என்பதில் ஒரு அல்ப சந்தோஷம். ஃப்ளாப் விரிவதற்கு முன்பே கை முடிந்துவிட்டால் ரேக் கிடையாது.

இந்த ஆட்டத்துக்கு வருகிற எல்லோருக்கும் ஒரு புராணக் கதை சொல்லப்படும். அமெரிக்காவில் டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் ஒருவர், பெயர் கிறிஸ் மணிமேக்கர். நிஜமாகவே அதுதான் பெயர். ஆன்லைனில் 86 டாலர் கட்டி ஒரு தகுதிப் போட்டியில் ஜெயித்து, 2003 உலகத் தொடரின் முதன்மைப் போட்டிக்கு லாஸ் வேகஸ் போனார். 839 பேர் ஆடினார்கள். அவர் ஜெயித்து 25 லட்சம் டாலர் வாங்கினார். அதற்குப் பிறகுதான் உலகம் பூராவும் ஆன்லைன் போக்கர் பைத்தியம் பிடித்தது. கதை உண்மைதான். ஆனால் புதிதாக வருகிறவனுக்கு இதைவிடக் கெட்ட கதை கிடையாது. மிச்ச 838 பேரின் பெயர் நமக்குத் தெரியாது என்பது காதில் விழுவதே இல்லை.

எனக்கு வழி காட்டியவர் மணிமேக்கர் இல்லை, என் பெரிய அத்தை.

அத்தையை ஊரில் எல்லோரும் ரம்மிக்கு அழைப்பார்கள். சின்ன வயதில் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பதின்மூன்று சீட்டையும் எடுத்து விசிறியாக விரிப்பார். ஒரு பார்வை. ஜோக்கர் இல்லை, ஒரிஜினலுக்கு, அதாவது ஜோக்கர் சேராத வரிசைக்கு, வழியும் இல்லை என்றால் அடுத்த நொடியே 'ஸ்கூட்' என்று கவிழ்த்துவிடுவார். 101 பாயிண்ட் சேர்ந்தவர் தோற்று வெளியேறும் 101 ஆட்டத்தில் ஆரம்பத்திலேயே ஸ்கூட் விட்டால் 20 பாயிண்ட், நடுவில் விட்டால் 40. விடாமல் கடைசி வரை வைத்துக்கொண்டிருந்து எவனாவது டிக் அடித்து ஆட்டத்தை முடித்துவிட்டால் ஃபுல், 80. மாமா எப்போதும் வைத்துக்கொண்டிருப்பார். 'ஒரே ஒரு சீட்டு வந்தாப் போதும்' என்பார். அந்த ஒரு சீட்டு வராது. அத்தை திரும்பிக்கூடப் பார்க்காமல், 'நாலு ஸ்கூட்டு ஒரு ஃபுல்லுக்குச் சமம். நாலு ஆட்டத்துல ஒண்ணாவது நமக்கு வராதா?' என்பார். வாழ்நாள் முழுக்க மாமாவை அத்தை ஜெயித்தது இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

கிக்கரிடம் உதை வாங்கி ஒரு வாரம் கழித்துத்தான் இது நினைவுக்கு வந்தது. அதுவும் எப்படி? என் பழைய கைகளையெல்லாம் தளமே சேமித்து வைத்திருந்தது. எடுத்துப் பார்த்தால் பத்துக்கு ஆறு கை உள்ளே போயிருக்கிறேன். மாமாவாக ஆடியிருக்கிறேன்.

ஹோல்டத்தில் இரண்டு சீட்டு 1,326 விதமாக வரலாம். எனக்கு நானே ஒரு பட்டியல் போட்டு மானிட்டர் ஓரத்தில் ஒட்டினேன். எந்த ஜோடியானாலும் சரி, ஆஸோடு ராஜா, ராணி, ஜாக்கி, பத்து, ராஜாவோடு ராணி அல்லது ஜாக்கி, ராணியோடு ஜாக்கி. அவ்வளவுதான். கூட்டிப் பார்த்தால் 190 வருகிறது. அதாவது ஏழு கைக்கு ஒன்று. மிச்ச ஆறும் ஸ்கூட்.

இங்கேதான் ரம்மிக்காரனுக்கு ஒரு சௌகரியம். ரம்மியில் ஸ்கூட்டுக்கு 20 பாயிண்ட் விலை. போக்கரில் நம் முறைக்கு ப்ளைண்ட் வராத வரை விடுவதற்கு ஒரு காசு கிடையாது. ஆறு பேர் சுற்றி வருவதற்குள் நாம் கட்டாயமாகக் கொடுப்பது மொத்தம் 3 பென்ஸ். கைக்கு அரை பென்ஸ். இவ்வளவு மலிவாக விடலாம் என்றால் அத்தை இந்த ஆட்டத்தைக் கோயில் கட்டிக் கும்பிடுவார்.

ஆனால் விடுவது எவ்வளவு போரடிக்கும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. ராஜா–நாலு, விடு. ஒன்பது–மூன்று, விடு. ஆஸ்–ஆறு... விடு. இருபது கை தொடர்ந்து இப்படிப் போகும். இருபத்தொன்றாவதாக ராணி–எட்டு வந்தால் அது அழகாகத் தெரிய ஆரம்பிக்கும். பெண் பார்க்கப் போய்ப் போய்ச் சலித்தவன் கதைதான். இதற்கு நான் கண்ட மருந்து, மடிக்கணினியைச் சமையலறை மேடையில் வைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்குவது. கண்ணெரிச்சலோடு எட்டிப் பார்ப்பேன், விடுவேன், மறுபடி நறுக்குவேன். ஒருநாள் கடுகு வெடிக்கிற நேரத்தில் ராஜா ஜோடி வந்து, நான் திரும்புவதற்குள் நேரம் முடிந்து, தளமே எனக்காகச் சீட்டைக் கவிழ்த்துவிட்டது. சாம்பார் நன்றாக இருந்தது என்பதால் விட்டுவிட்டேன்.

அடுத்து உறைத்தது, எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது. மேசையில் ஒரு வட்ட வில்லை ஒவ்வொரு கைக்கும் ஒரு ஆள் நகரும், பட்டன் என்பார்கள். அது யார் முன்னால் இருக்கிறதோ அவர்தான் ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசுவார். பஞ்சாயத்தில் எல்லோரையும் பேசவிட்டுவிட்டு ஒரு பெரியவர் கடைசியில் வாயைத் திறப்பாரே, அந்த இடம். மற்றவர்கள் பயப்படுகிறார்களா, பாய்கிறார்களா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். முதல் கையில் நான் ஆறு பேரில் முதல் ஆளாக வாயைத் திறந்திருந்தேன். ஆஸ்–ஒன்பதை அங்கிருந்து ஆடியதுதான் தப்பு. பட்டனில் இருந்திருந்தால், அதுவும் எனக்கு முன்னால் யாரும் ஏற்றாமல் இருந்திருந்தால், அதே சீட்டைத் தாராளமாக ஆடலாம். சீட்டு மாறவில்லை, நாற்காலிதான் மாறுகிறது.

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம், மளிகைக் கடைக் கணக்குதான். ஒரே பூவாக நாலு சீட்டு நமக்கு இருக்கிறது, ஐந்தாவது வந்தால் ஃப்ளஷ் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பூவில் மிச்சம் ஒன்பது சீட்டு வெளியே இருக்கிறது. இன்னும் ஒரே ஒரு சீட்டுதான் விரியப் போகிறது என்றால், ஒன்பதை இரண்டால் பெருக்கினால் 18. ஏறக்குறைய அத்தனை சதவீத வாய்ப்பு. துல்லியமாகப் பார்த்தால் 19.6. நடுவில் 30 பென்ஸ் கிடக்கிறது, எதிராளி 10 வைக்கிறார். நான் 10 போட்டால் ஆகும் 50-இல் என் பங்கு 20 சதவீதம். ஏறக்குறைய சரிக்குச் சரி, பார்க்கலாம். அதுவே அவர் 30 வைத்தால் 90-இல் என் பங்கு 30; மூன்றில் ஒன்று. 20 சதவீதச் சரக்குக்கு 33 கேட்கிறார். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட வேண்டியதுதான். காய்கறிக் கடையில் இதைத் தினமும் செய்கிற நாம் சீட்டைக் கண்டதும் மறந்துவிடுகிறோம்.

போக்கர் என்றால் பொய் சொல்லி ஏமாற்றுவது, கறுப்புக் கண்ணாடி, கல் மாதிரி முகம் என்றுதான் நானும் நினைத்து வந்தேன். இரண்டு பென்ஸ் மேசையில் பூச்சாண்டி காட்டிப் பிரயோஜனமே இல்லை. பூச்சாண்டிக்குப் பயப்பட ஒருவன் வேண்டுமே! அங்கே இருக்கிறவர்கள் 'அப்படி என்னதான் வைத்திருக்கிறான், பார்த்துவிடலாம்' என்று கடைசி வரை கூடவே வருவார்கள். ஜூன் மாதம் முழுக்க நான் ஒன்றுமில்லாத சீட்டை வைத்துக்கொண்டு உறுமி உறுமிப் பணத்தைக் கொடுத்தேன். பிறகு உறுமுவதை நிறுத்தினேன். நல்ல சீட்டு வந்தால் வைப்பது, வராவிட்டால் விடுவது. கேட்பதற்கு அசட்டுத்தனமாக இருக்கும். அந்த மேசைக்கு அதுதான் வித்தை.

ஆஸ் ஜோடி வந்தால் தந்திரமாக ஆடுகிறேன் பேர்வழி என்று கெடுத்துக்கொண்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். அது 221 கைக்கு ஒருமுறை வரும் சீட்டு. இரண்டு மேசையில் சேர்த்து மணிக்கு 150 கை ஆடினால் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தரிசனம். வந்ததும், ஏற்றினால் எல்லோரும் ஓடிவிடுவார்கள் என்று பயந்து சும்மா 2 பென்ஸ் மட்டும் கட்டிப் பதுங்கினேன். ஐந்து பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் எதிரே இருந்தால் ஆஸ் ஜோடி நூற்றுக்கு 85 தடவை ஜெயிக்கும். கண்டதையும் வைத்துக்கொண்டு ஐந்து பேர் எதிரே இருந்தால் அது 49. ஃப்ளாப்பில் எட்டு, ஏழு, ஆறு விரிந்தது. ஒன்பது–ஐந்தோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார்; ஐந்து முதல் ஒன்பது வரை வரிசை, அது ஜோடியை வென்றுவிடும். ஒன்பது–ஐந்து! அதையெல்லாம் எவனாவது ஆடுவானா என்று திரையைப் பார்த்துத் திட்டினேன். அவரை 2 பென்ஸுக்கு உள்ளே விட்டதே நான்தான் என்பது அன்றைக்குப் புரியவில்லை.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. இரண்டு மணி நேரத்தில் மூன்று முறை முழுசாகத் தோற்றேன். மூன்றும் கடைசிச் சீட்டில். மூன்றாவது தடவை ஒருவர் ஃப்ளஷ்ஷுக்காகக் கட்டுபடியாகாத விலை கொடுத்துத் தொடர்ந்து வந்து, அது கிடைக்கவும் செய்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டது நினைவிருக்கிறது. காது சூடாகியிருந்தது. என் கணக்கில் மிச்சம் 23 பவுண்டு. அதில் 10 பவுண்டை எடுத்துக்கொண்டு 5 பென்ஸ், 10 பென்ஸ் மேசைக்குப் போய் உட்கார்ந்தேன். போன ஆறு பவுண்டை ஒரே கையில் எடுத்துவிடலாமாம். ஒட்டி வைத்த பட்டியல் கண்ணெதிரே இருக்கிறது. கண் அதன்மேல் போகவே இல்லை. ராஜா–ஒன்பது, ஜாக்கி–ஏழு, எது வந்தாலும் ஏற்றினேன். இருபது நிமிடம். பத்தும் போனது. இதற்கு டில்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் 'சூடு ஏறிட்டான், இனி எந்திரிக்க மாட்டான்' என்பார்களே, அதேதான்.

பத்து பவுண்டு என்னைக் கலங்கடிக்கவில்லை. அந்த இருபது நிமிடம் ஆடியது யார் என்று தெரியாததுதான் கலங்கடித்தது. மாதம் 20 என்ற வரம்பு மட்டும் இல்லாமலிருந்தால் அன்றைக்கு இன்னும் எவ்வளவு போட்டிருப்பேன் என்று யோசிக்கவே இஷ்டமில்லை.

கிறிஸ் ஃபெர்குசன் என்று ஒருவர், 2000-ஆம் ஆண்டின் உலகச் சாம்பியன். 2006-இல் ஒரு பந்தயம் போல ஆரம்பித்தார்: ஒரு டாலர்கூடப் போடாமல், இலவசப் போட்டிகளில் இருந்து தொடங்கி 10,000 டாலர் சேர்ப்பது. ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது, சேர்த்தும் காட்டினார். தனக்குத்தானே வைத்துக்கொண்ட விதி, கையில் இருப்பதில் 5 சதவீதத்துக்கு மேல் எந்த மேசைக்கும் கொண்டுபோவதில்லை என்பது. பெரிய போட்டிகளுக்கு 2 சதவீதம்தான். நான் அந்தச் சனிக்கிழமை கொண்டுபோனது 43 சதவீதம். (அவர் நடத்துநர்களில் ஒருவராக இருந்த ஃபுல் டில்ட் தளமே 2011-இல் ஆடியவர்களின் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் நின்றது வேறு கதை. விதி நல்ல விதிதான்.) அன்றிலிருந்து இரண்டு முறை முழுசாகத் தோற்றால் மடிக்கணினியை மூடுவது என்று வைத்துக்கொண்டேன். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவேன். வீட்டில் கூட இருந்த இரண்டு பேரும் நான் திடீரென்று பொறுப்பானவனாகிவிட்டேன் என்று நினைத்தார்கள்.

2021 மே மாதம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். மொத்தம் 40,000 கை. சுமார் 270 மணி நேரம். இரண்டு பென்ஸ் மேசையில் லாபம் 32 பவுண்டு. அதில் அந்தச் சனிக்கிழமையின் பத்தைக் கழித்தால் 22. மணிக்கு 8 பென்ஸ். அப்போது இங்கே 23 வயது ஆனவர்களுக்குச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8 பவுண்டு 91 பென்ஸ். நூறில் ஒரு பங்குகூட நான் சம்பாதிக்கவில்லை.

அந்த 32-ஐயாவது திறமை என்று சொல்லிக்கொள்ளலாமா என்றால், அதற்கும் இடமில்லை. நான் ஜெயித்தது 100 கைக்கு 4 பெரிய ப்ளைண்ட் வீதம். இந்த ஆட்டத்தில் 100 கைக்கு 90 ப்ளைண்ட் ஏறுவதும் இறங்குவதும் சகஜம். அவ்வளவு ஆட்டங்காணும் தராசில் 40,000 கையெல்லாம் ஒரு நிறுவையே இல்லை. சுத்த அதிர்ஷ்டத்திலேயே 32 பவுண்டு வந்திருக்கலாம். ஒரு வருடம் ஆடி, எனக்கு ஆடத் தெரியுமா தெரியாதா என்பதே தெரியாத ஒரு ஆட்டம்!

இதைத்தான் சித்தப்பா மகனிடம் சொல்லிப் பார்த்தேன். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். 2023-இல் இருந்தே போன் செய்யும் போதெல்லாம், 'அண்ணே, அந்த ஆட்டத்தக் கொஞ்சம் சொல்லிக் குடுங்கண்ணே, சைடுல நாலு காசு பாக்கலாம்' என்பான். மணிக்கு 8 பென்ஸ் என்றேன். சிரித்தான். நான் மறைக்கிறேன் என்று நினைத்திருப்பான்.

அவன் கேட்ட காலத்தில் நம் ஊரில் சட்டம் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து தற்கொலைகள் நடந்ததால், 2022-இல் நீதியரசர் சந்துரு தலைமையில் குழு அமைத்து, தமிழக அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று அதன் அட்டவணையில் இருந்தன. அவை திறமை ஆட்டங்கள் என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்தப் பகுதியை நீக்கியது. 2025 பிப்ரவரியில் ராத்திரி 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆடக்கூடாது என்று மாநில விதிமுறை வந்தது. அந்த ஆகஸ்டிலேயே நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதையும் நடத்தக்கூடாது என்று ஒரேயடியாகச் சட்டம் போட்டுவிட்டது. தளங்கள் பணம் வைத்து ஆடுவதை நிறுத்திவிட்டன.

எனக்கு இதில் இரண்டு மனசு. திறமை ஆட்டம் என்று வக்கீல்கள் வாதாடியது பொய்யில்லை. அத்தையே அதற்குச் சாட்சி. ஆனால் அந்தத் திறமை வெளியே தெரிய லட்சம் கை ஆக வேண்டும். சூடு ஏற இருபது நிமிடம் போதும். ராத்திரி 12 முதல் 5 என்று நேரம் குறித்தவர் யாரோ, அவருக்கு என் ஆகஸ்ட் சனிக்கிழமை தெரிந்திருக்கிறது.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். தம்பி விடவில்லை. 'காசு வேணாம்ணே, சும்மா ஆடுவோம்' என்றான். பெரிய அத்தையும் இருந்தார். மாமா இறந்து மூன்று வருடமாகிறது, அதற்குப் பிறகு அவர் சீட்டைத் தொட்டதில்லை என்றார்கள். அம்மா புளி உடைத்த கொட்டையை ஒரு சொம்பு நிறையக் கொடுத்தார். ஆளுக்கு நூறு கொட்டை எண்ணி வைத்துக்கொண்டோம். முதல் கையிலேயே தம்பி நூறையும் நடுவில் தள்ளினான். இரண்டாவது கையிலும். சொம்பில்தான் நிறைய இருக்கிறதே. நான் ஒரு வாரம் ஆடிய பொய்ப் பணம் என் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது.

அத்தைதான் கொட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டு முறுக்குத் தூக்கை எடுத்து நடுவில் வைத்தார். அவர் கையால் சுற்றிய கை முறுக்கு. ஆளுக்குப் பத்து. 'தோத்தா இதுதான், வேற கெடையாது. அடுத்த ஈடு நாளைக்குத்தான்' என்றார். தம்பி கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

சீட்டைப் போட்டேன். அத்தை இரண்டையும் லேசாகத் தூக்கிப் பார்த்தார்.

"ஏண்டா, இதுல ஸ்கூட்டுக்கு எத்தன பாயிண்ட்?"

"ஒண்ணும் கெடையாது அத்தை. நீங்க இன்னும் முறுக்கே வைக்கல. சும்மா விட்டுறலாம்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

நான் விளையாடுகிறேனா என்று என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு, ஏற்கெனவே நாலு முறுக்கை உள்ளே வைத்துவிட்டு ஐந்தாவதைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த தம்பியை.

"அப்ப இவன் ஏன் விட மாட்டேங்கிறான்?"

சீட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, அடுப்பில் வைத்த எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று பார்க்க எழுந்து போனார்.